பதினேழாம் நம்பர் மண்ணு

மூடு பாப்பா, மூடு. கண்ணைத் தொறக்காத. இப்பத்தான ரெண்டாவது சொட்டு ஊத்திட்டுப் போனாங்க. தொறந்தீன்னா திரும்ப மொதல்ல இருந்து ஊத்துவாங்க, எரியும். அம்மா மடியில தலைய வச்சுக்க. ஆங், அப்படித்தான்.

அக்கா, செத்த அங்கிட்டு நகந்துக்கிறீங்களா? பிள்ளை காலை நீட்டிக்கிரும். அவரு உங்க அப்பாவா? கண்ணுல பச்சைத் துணி கட்டியிருக்கவும் கேட்டேன். புரை தானே? அப்ப கவலைப்படாதீங்க, இப்பல்லாம் காலையில எடுத்துட்டு சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிர்றாங்களாம். நல்லாயிரும்.

எங்களுக்கு அப்படி இல்லக்கா. பாப்பாவுக்கு வலது கண்ணு. நாலரை வயசுதான் ஆகுது. பத்து நாளைக்கு முன்னாடி வரைக்கும் ஒண்ணுமே தெரியல. அவங்க அப்பா சும்மா இருக்காம போன்ல படம் எடுத்தாரு, லைட்டு அடிக்குமே, அந்த மாதிரி. படத்துல ஒரு கண்ணு எல்லாருக்கும் வர்ற மாதிரி செவப்பா இருக்கு, ஒரு கண்ணு வெள்ளையா இருக்கு. பூனைக் கண்ணு கணக்கா. ‘என்ன புள்ள இது, போன் கெட்டுப்போச்சா’ன்னு என்கிட்ட காட்டுறாரு. பிள்ளையைக் கூப்பிட்டு நல்ல கண்ணைப் பொத்துனேன். பொத்திட்டு, ‘அம்மா எங்க இருக்கேன் சொல்லு’ன்னேன். கைய நீட்டித் தடவுது. மூஞ்சிக்கு நேரா நான் உக்காந்திருக்கேன், என்னையக் காங்காம தடவுது. 

இன்னைக்குக் காலையில ஏழு மணிக்கெல்லாம் வந்துட்டோம். ஸ்கேன் எடுத்தாங்க. ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, நல்ல பிள்ளை, தன்மையாத்தான் பேசுனாங்க. கண்ணுக்குள்ள வெள்ளையா ஒரு கட்டி மாதிரி தெரியுதாம். ரெண்டுல ஒண்ணா இருக்கலாமாம். ஒண்ணு, நாய்ப்புழு உள்ள போயி கண்ணுல தங்கியிருக்கலாம். அப்படின்னா மருந்து குடுத்துப் பாக்கலாம், பார்வை கொஞ்சம் போனாலும் கண்ணு நிக்கும். இன்னொண்ணு புத்துக்கட்டி. அதுன்னா உசுரைக் காப்பாத்த கண்ணையே எடுத்தாகணும்னு சொன்னாங்க. கண்ணையே எடுக்கிறதுன்னு சாதாரணமா சொல்றாங்கக்கா, வாழைக்கா எடுக்கிற மாதிரி. ரத்தம் எடுத்து அனுப்பியிருக்காங்க, அது வர நாலஞ்சு நாளாகுமாம். பெரிய டாக்டர் கண்மணி விரிஞ்சதும் பாத்துட்டு இன்னைக்கே சொல்லுவாரு, கட்டின்னு அவருக்குத் தோணுச்சுன்னா காத்திருக்க மாட்டாருன்னாங்க. அதுக்குத்தான் இந்தச் சொட்டு.

எனக்கு எம்புட்டு பயமா இருக்குன்னு உங்களுக்குச் சொல்லத் தெரியல.

அதுக்கப்புறம் அந்த டாக்டரம்மா கேட்டாங்க, ‘வீட்ல நாய் வளக்குறீங்களா?’ அவரு இல்லன்னாரு. ‘நாய்க்குட்டிகளோட வெளையாடுவாளா?’ இல்லன்னாரு. பாப்பாகிட்டயும் கேட்டாங்க, ‘மண்ணு சாப்பிடுவியா கண்ணு?’ன்னு. அதுவும் இல்லன்னு தலைய ஆட்டிருச்சு. பிள்ளை என்ன செய்யும், பயந்துபோயி கெடக்கு. அத்தோட விட்டாரா இந்த மனுசன்? போனை எடுத்து ஒரு கடுதாசியக் காட்டுறாரு. ‘மேடம், இவ போற அங்கன்வாடி மண்ணையே டெஸ்ட் பண்ணியாச்சு. புழு முட்டை ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்திருக்காங்க பாருங்க. எம் பொண்டாட்டியே அந்த லேப்லதான் வேலை பாக்குது, மைக்ராஸ்கோப்புல பாக்கிறதே இவதான். இவளுக்குத் தெரியாததா?’

டாக்டரம்மா என்னையப் பாத்தாங்க. நான் பாப்பா தலைமுடிய ஒதுக்கிவிட்டுக்கிட்டு நின்னேன். அவங்க என் மூஞ்சிய ஒரு நிமிசம் பாத்துட்டு, ‘அப்ப புழுவா இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி’ன்னு அட்டையில எழுதிட்டாங்க. இங்கிலீசுல எழுதுனாங்க, எனக்கு வாசிக்கத் தெரியும்க்கா. அதான் இந்த அட்டை. இதைத்தான் பெரிய டாக்டர் பாப்பாரு.

அது தப்புக்கா. அந்த அட்டையில எழுதியிருக்கிறது தப்பு. 

அவரு ஸ்கேன் கடுதாசி வாங்க அந்தக் கட்டடத்துக்குப் போயிருக்காரு, அப்படியே டீ வாங்கிட்டு வருவாரு. அவரு வர்றதுக்குள்ள சொல்லிர்றேன். யாருகிட்டயாவது சொல்லணும்க்கா, இல்லன்னா நெஞ்சு வெடிச்சிரும். நீங்க யாரோ நான் யாரோ. பாப்பா தூங்கிட்டா, மூச்சைப் பாருங்க.

நான் பாக்கிற வேலையச் சொன்னா சிரிப்பீங்க. மண்ணுல முட்டை தேடுற வேலை. கோழி முட்டை இல்ல, புழு முட்டை. வயித்துல இருக்குமே நாக்குப்பூச்சி, கொக்கிப்புழு, அதுக முட்டை. வெளிக்குப் போற எடத்துல மண்ணோட மண்ணா கெடக்கும். நாயி போனாலும் நாய்ப்புழு முட்டை கெடக்கும். கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைக மண்ணுல வெளையாண்டு கைய வாயில வச்சா உள்ள போயிரும். எங்க ஊருப் பக்கத்துல ஒரு காலேஜுல ஒரு மேடம் இதுக்குன்னு ஒரு திட்டம் போட்டிருக்காங்க. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, பார்க்கு, எல்லாம் சேத்து நாப்பது எடம். நாப்பது எடத்து மண்ணையும் எடுத்துப் பாத்து எங்கெங்க முட்டை இருக்குன்னு எழுதணும். நான் லேப் டெக்னீசியன் படிச்சிருக்கேன், என்னையச் சேத்துக்கிட்டாங்க.

சும்மா சொல்லலக்கா, நான் நல்லாச் செய்வேன். ரெண்டு வெரக்கடை ஆழம், மேல்மண்ணுதான் எடுக்கணும். நாலு மூலையில நாலு கரண்டி, நடுவுல ஒண்ணு, எல்லாத்தையும் கலந்து ஒரு கவர்ல போட்டு நம்பர் எழுதணும். லேப்புல நிழல்ல காய வச்சு, சலிச்சு, சோப்புத்தண்ணியில கலக்கி, மெஷின்ல வச்சு சுத்தவிட்டு, மேல் தண்ணியக் கொட்டணும். அப்புறம் உப்புத்தண்ணி ஊத்தணும். உப்புன்னா, இதுக்கு மேல கரையாதுங்கிற வரைக்கும் போட்ட உப்பு. அழுகுன முட்டை தண்ணியில மெதக்குமில்ல? அதே கதைதான். மண்ணு அடியில நின்னுக்கிரும், முட்டை மேல வந்துரும். டியூப்பு வாயில ஒரு துண்டுக் கண்ணாடிய மூடி வச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்தா அதுல ஒட்டிக்கிட்டு வரும். எடுத்து மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாக்கணும். ஒரு மூலையில இருந்து அடுத்த மூலை வரைக்கும் உழுகிற மாதிரி போயிப் போயித் திரும்பணும். மத்தவங்களுக்கு எல்லாம் குமிழியாத் தெரியும். நான் பாத்த ஒடனே இது முட்டை, இது மகரந்தம்னு சொல்லிருவேன். மேடமே சொல்லுவாங்க, ‘வனராணிக்கு ஒண்ணும் தப்பாது’ன்னு.

அப்படிப்பட்டவளுக்குத்தான் இந்தக் கேடு.

நம்பர் பதினேழு எங்க தெரு அங்கன்வாடி. எங்க வீட்ல இருந்து ரெண்டு தெரு. பாப்பா போறதும் அதேதான். பக்கத்துல தானே இருக்கு, எப்ப வேணா எடுத்துக்கலாம்னு மலைப்பக்கம் தூரத்துல இருக்கிறதெல்லாம் மொதல்ல எடுத்தேன். நீங்களும் அப்படித்தான செய்வீங்க? தை மாசம் கடைசி நாளு. அன்னைக்குக் காலையில பத்து மணிக்கு நாப்பது கவரும் லேப்புல இருக்கணும்னு மேடம் சொல்லிட்டாங்க. சாவி வாங்க அங்கன்வாடி டீச்சர் கோகிலவாணி வீட்டுக்குப் போனா, அவங்க மீட்டிங்குக்குக் கெளம்பிட்டாங்க, அங்கன்வாடி லீவு. காம்பவுண்டுக்கு ஆளுயரக் கேட்டு, பூட்டு தொங்குது. சாவி டீச்சரோட பையில. எந்த டீச்சராவது சாவியக் கையோட கொண்டு போவாங்களா? பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போக வேண்டியதுதான? அதுலதான்க்கா எல்லாமே ஆரம்பிச்சுச்சு. மண்ணு எடுத்தாச்சுங்கிற கடுதாசியில கையெழுத்து மட்டும் மொத நாளே ரேசன் கடை வாசல்ல வச்சுப் போட்டுக் குடுத்துட்டாங்க, ‘எதுக்கும் இருக்கட்டும் வனராணி’ன்னு. கடுதாசி இருக்கு, கவர் இருக்கு, மண்ணு இல்ல.

மணி ஒன்பதே கால். நான் என்ன செய்ய? கேட்டு ஏறிக் குதிக்கவா? வீட்டுக்கு வந்தேன். எங்க வீட்டுக் கொல்லையில தண்ணித் தொட்டிக்கு ஓரமா அஞ்சு கரண்டி எடுத்தேன். கலந்தேன். கவர்ல போட்டேன். பதினேழுன்னு எழுதுனேன்.

ஒரே ஊரு, ஒரே மண்ணுக்கா. அதுலயும் எங்க கொல்லை நான் தெனமும் கூட்டித் தண்ணி தெளிக்கிற எடம். ‘முட்டை இல்லை’ன்னு வரும், எழுதிருவாங்க, யாருக்கும் நட்டமில்லன்னு நெனச்சேன். பொய் சொல்லணும்னு செய்யல. நான் பொய் சொல்ற ஆளும் இல்ல. ஒரு கவர் கொறையுது, நெரப்புனேன், அம்புட்டுத்தான்.

என்ன பாக்குறீங்க?

சரி, நாய்க்குட்டி இருந்துச்சு. அதையும் சொல்லிர்றேன். கார்த்திகை மழையில ஒரு தெருநாயி வந்து தொட்டிக்குப் பின்னாடி அஞ்சு குட்டி போட்டுச்சு. நாங்க வளக்கல. அதுவா வந்துச்சு, பொங்கலுக்கு முன்னாடி அதுகளாவே போயிருச்சு. அந்த மனுசனுக்குத் தெரியாது. காய்கறி லோடு ஏத்திக்கிட்டு கேரளாவுக்குப் போறவரு, வாரத்துல ஒரு நாளு வீட்ல இருப்பாரு, அன்னைக்கும் தூக்கம். கொல்லைப் பக்கம் எட்டிப் பாத்ததே கெடையாது. பாப்பாவுக்கு அந்தக் குட்டிகன்னா உசுரு. தூக்கி மடியில வச்சுக்கிட்டு தொட்டியோரத்துலயே உக்காந்திருக்கும். நான் சமைக்கணும், தொவைக்கணும், வேலைக்கு ஓடணும். பிள்ளை குட்டிகளோட இருந்தா எனக்கு ஒரு மணி நேரம் கை ஒழியும். வெரட்டலக்கா. வெரட்டியிருக்கணும். குட்டி நாய்க்குத்தான் அந்தப் புழு அதிகம்னு எனக்குத் தெரியாதா? தெனமும் அதைத்தான பாக்குறேன். ஆனா அது லேப்புல. வீட்டுக்கு வந்தா வீட்டு நெனப்பு.

மண்ணும் திங்கும். ஆமா. சாம்பலு, சுண்ணாம்பு, மண்ணு. எத்தனை தடவ வாயில வெரல விட்டு நோண்டி எடுத்திருக்கேன். 

பதினேழு என் கைக்கு வந்தது மாசி மொத வாரம். காலையில போயி உக்காந்தேன். ஒரு கண்ணாடித் துண்டுல ஒண்ணு இருந்தாலே நாங்க பெருசா எழுதுவோம். முக்கால்வாசிக்கு ஒண்ணுமே இருக்காது. பதினேழை வச்சேன். மொத வரிசையிலயே ஒண்ணு. உருண்டையா, கருப்பா, மேல அம்மி கொத்துன மாதிரி பள்ளம் பள்ளமா. நாய்ப்புழு முட்டை. அது வேற எதுவாவும் இருக்காது. சரி, ஒண்ணு தானேன்னு தள்ளுனேன். அடுத்தது ரெண்டு. அதுக்கடுத்தது. நான் எண்ண எண்ண பதினொண்ணு ஆச்சு. நானு கண்ணைத் தொடச்சிட்டு திரும்ப எண்ணுனேன். பதினொண்ணு.

அதுல ஒண்ணுக்குள்ள புழு இருந்துச்சுக்கா. சுருண்டு கெடந்துச்சு. பாத்துக்கிட்டே இருக்கேன், மெதுவா நெளியுது. முட்டைக்குள்ளயே ஒரு சுத்து சுத்திட்டு திரும்பப் படுத்துக்குது. வெளிய வரத் தயாரா இருக்குன்னு அர்த்தம். அப்படி இருக்கிறது வயித்துக்குள்ள போனாத்தான் ஆபத்து, ரத்தத்துல ஏறிப் போகும், ஈரல், நுரையீரல், கண்ணு. நான் பரிச்சையில எழுதி மார்க்கு வாங்கின கேள்வி அது.

அந்த நேரம் பாத்து மேடம் உள்ள வந்துட்டாங்க. ‘என்ன வனராணி, என்ன கெடச்சுச்சு?’ன்னு குனிஞ்சு பாத்தாங்க. ‘அய்யோ, சூப்பர்!’ன்னு கத்துறாங்க. இதுவரைக்கும் எங்க திட்டத்துல உசுரோட புழு இருக்கிற முட்டை கெடைச்சதே இல்ல. படம் எடுத்தாங்க. வீடியோ எடுத்தாங்க. படிக்கிற பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டாங்க. வரிசையில நின்னு ஒவ்வொருத்தரா எங்க வீட்டுக் கொல்லையப் பாக்குறாங்கக்கா. ‘ச்சீ, எந்த எடம் மேடம் இது?’ன்னு ஒரு பிள்ளை மூக்கைச் சுளிக்குது. நான் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

அப்பவே சொல்லியிருக்கலாம்ல? ஈசியா கேக்குறீங்க. அத்தனை பேரு முன்னாடி எப்படிக்கா சொல்ல? நாப்பதும் பொய்யின்னு ஆகிப்போகும். என் வேலையோட போனா பரவாயில்ல, மேடம் மூணு வருசமா பாடுபட்டது.

அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் மொத வேலையா பாப்பாவைக் கொல்லைக்குப் போகக் கூடாதுன்னு கதவைச் சாத்திப் பூட்டுனேன். கொதிக்கக் கொதிக்கத் தண்ணி காய்ச்சி ஊத்துனேன், பத்துக் கொடம். பிளீச்சிங் பவுடர் கொட்டுனேன். அதுக்கெல்லாம் அந்த முட்டை சாகாது, லேசுல சாகாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கொட்டுனேன். மெடிக்கல்ல பூச்சி மாத்திரை வாங்கி பிள்ளைக்குக் குடுத்தேன். ஒரு வேளை மாத்திரை, வயித்துல இருக்கிற பூச்சிக்குத்தான் அது. ரத்தத்துல ஏறுன புழுவுக்கு டாக்டருதான் பாத்துக் குடுக்கணும். அதுவும் தெரியும்.

டாக்டருகிட்ட கூட்டிட்டுப் போகல. என்னன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போறது? ‘எதுக்கும்மா ரத்தம் பாக்கணும்?’னு கேப்பாங்கல்ல? பிள்ளை நல்லாத்தான் ஓடி வெளையாண்டுச்சு. ஒண்ணும் இருக்காது, ஒண்ணும் இருக்காதுன்னு என்னையே நான் சமாதானம் பண்ணிக்கிட்டேன். ரெண்டு மாசம்க்கா. ரெண்டு மாசம் அப்படியே ஓட்டிட்டேன்.

அதுக்குள்ள அங்க ஊரே ரெண்டுபட்டுப் போச்சு. பதினேழுல இம்புட்டு இருக்குன்னு மேடம் மேல எழுதி அனுப்பவும், அங்கன்வாடிய மூடிட்டாங்க. பிள்ளை வச்சிருக்கிறவங்கள்லாம் கோகிலவாணி டீச்சரைப் பிடிச்சுக்கிட்டாங்க. ‘நாயை உள்ள விட்டு வேடிக்கை பாத்தியா’ன்னு ஒருத்தி சேலையப் பிடிக்கப் போயிட்டா. எங்க வீட்டுக்காரரும்தான் போயி சத்தம் போட்டாரு. நான் ஜன்னல்ல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். டீச்சரு மறுநாளு வீட்டுக்கு வந்தாங்க. உக்காரச் சொன்னேன், உக்காரல. ‘வனராணி, அன்னைக்குக் கேட்டு பூட்டியிருந்துச்சேம்மா. நீ எப்படி எடுத்த?’ன்னாங்க. ‘கம்பி வழியா கைய விட்டு எடுத்தேன் டீச்சர்’ன்னேன். ‘கேட்டுப் பக்கம் சிமெண்டுத் தரை தானேம்மா’ன்னாங்க. நான் காப்பி போடுறேன்னு அடுப்படிக்குப் போயிட்டேன். அவங்களும் அதுக்கு மேல கேக்கல. மண்ணு எடுக்காமலே கையெழுத்துப் போட்டவங்க, வெளிய என்னன்னு சொல்லுவாங்க? அழுதுக்கிட்டே போனாங்க. பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா சாவியக் குடுத்துட்டுப் போயிருந்தா இது வந்திருக்குமா?

அப்புறம் மேடமே நேர்ல வந்து அங்கன்வாடியில பத்து எடத்துல மண்ணு எடுத்து, அவங்களே பாத்தாங்க. ஒரு முட்டை இல்ல. எப்படி இருக்கும்? என்னையத் தனியாக் கூப்பிட்டாங்க. ‘வனராணி, உண்மையச் சொல்லு, எங்க தப்பு நடந்துச்சு?’ அதுதான்க்கா நல்ல சமயம். கடவுளே கூப்பிட்டுக் குடுத்த சமயம். நான், ‘டியூப்பு மாறிப்போச்சு போல மேடம், பார்க்கு மண்ணோட கலந்திருக்கும்’னுட்டேன். அவங்க நம்புனாங்க. வருத்தப்பட்டாங்க, ஆனா நம்புனாங்க. பதினேழுல தவறுதலா வந்துச்சு, மறுபடி பாத்ததுல மண்ணு சுத்தம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. அங்கன்வாடியத் தொறந்துட்டாங்க. டீச்சரு திரும்ப வந்தாங்க. எங்க வீட்டுக்காரரு போயி மன்னிப்புக் கேட்டுட்டு, அந்தக் கடுதாசியப் படம் பிடிச்சு தெருவுல எல்லாருக்கும் அனுப்புனாரு. நானு முக்குப் பிள்ளையாருக்குத் தேங்கா ஒடைச்சேன், நல்லபடியா முடிஞ்சுதேன்னு. 

தேங்கா ஒடைச்சு எட்டாம் நாளு அந்தப் படம். வெள்ளைக் கண்ணு.

அந்தக் கடுதாசியத்தான் இன்னைக்கு டாக்டரம்மாகிட்ட காட்டுறாரு. எம் பொண்டாட்டிக்குத் தெரியாததாங்கிறாரு. பெருமையாச் சொல்றாருக்கா. எங்க போனாலும் அப்படித்தான், லோடு எறக்குற எடத்துலகூட, எம் பொண்டாட்டி மைக்ராஸ்கோப்பு பாக்குதுன்னு சொல்லுவாராம்.

நீங்க சொல்றது சரிதான். ‘நாய்க்குட்டி இருந்துச்சு, பிள்ளை மண்ணு திங்கும்’னு மட்டும் சொல்லிட்டாப் போதாதா, எதுக்கு லேப்பு கதையெல்லாம்னு கேக்குறீங்க. நானும் காலையில இருந்து அதைத்தான் உருப்போட்டுக்கிட்டு இருக்கேன். ஆனா அவரு கேப்பாருல்ல? ‘ஏன் புள்ள மொதல்லயே சொல்லல?’ன்னு. ஒண்ணைச் சொன்னா அடுத்ததுக்கு இழுக்கும். எதுக்கு அன்னைக்குக் கொல்லையில பிளீச்சிங் பவுடர் வாடை அடிச்சுச்சு, எதுக்கு பிள்ளைக்கு மாத்திரை குடுத்த, எதுக்குக் கொல்லைக் கதவுக்குப் பூட்டு போட்ட. அவரு கூறு கெட்டவரு இல்ல. கோத்துருவாரு. கோத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேப்பாரு, ‘ரெண்டு மாசமா உனக்குத் தெரியுமா?’ன்னு. அந்தக் கேள்விக்குத்தான்க்கா நான் பயப்படுறேன். அடிச்சா வாங்கிக்கிருவேன். அவரு அடிக்கிற ஆளில்ல. சும்மா என்னையவே பாத்துக்கிட்டு இருப்பாரு.

அதுவும் போக, நாய்க்குட்டி இருந்துச்சுன்னு வெறுமனே சொன்னா டாக்டரு எடுத்துக்கணும்ல? எந்தத் தெருவுல நாய்க்குட்டி இல்ல? ‘அங்க உசுரோட புழு இருந்துச்சு, பதினொரு முட்டை, நான் என் கண்ணால எண்ணுனேன், அந்த எடத்துல இந்தப் பிள்ளை மண்ணள்ளித் தின்னுச்சு’ன்னு சொன்னாத்தான அவரு கத்தியக் கீழ வச்சு நாலு நாளு பொறுப்பாரு? வீடியோ இருக்கு மேடம்கிட்ட. கேட்டா அனுப்பிருவாங்க. எல்லாம் இருக்கு. நான் வாயத் தொறக்கணும், அது ஒண்ணுதான் பாக்கி.

ஒருவேளை நிசமாவே கட்டியா இருந்துருச்சுன்னா? அப்படியும் நெனச்சேன். கட்டியா இருந்தா நான் எதுக்குச் சொல்லிக் கெடணும்? பாத்தீங்களா, புத்தி எங்க போகுதுன்னு. பெத்த பிள்ளைக்குப் புத்துன்னு இருந்தா நான் தப்பிச்சுக்கிருவேன்னு ஒரு நிமிசம் நெனச்சுட்டேன். த்தூ. என்ன பொம்பளை நான்.

அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க. அவரு வந்ததும் நீங்க சொல்லிர்றீங்களா? உங்களைப் பாத்தா அவரு மரியாதையாத்தான் கேப்பாரு. ‘உங்க சம்சாரம் ஒரு விசயம் சொல்லுச்சு தம்பி’ன்னு ஆரம்பிச்சு... நான் அப்படியே பாத்ரூம் பக்கம் போயிர்றேன். நீங்க சொல்லி முடிச்சதும் வர்றேன்.

இல்லையா? 

சரி. சரிக்கா. நீங்க எப்படிச் சொல்லுவீங்க, எனக்கே இது தெரியுது. கேட்டிருக்கக் கூடாது. நீங்க அப்பாவைப் பாருங்க, தண்ணி கேக்குறாரு போல.

அந்தா வர்றாரு பாருங்க, நீலச் சட்டை. மூணு டீயா வாங்கிட்டு வர்றாரு? உங்க அப்பாவுக்கும் சேத்து வாங்கியிருக்காரு. காலையில உங்களைப் பாத்தாருல்ல, அதான். இப்படித்தான் அவரு.

கூப்பிடுறாங்க! இதழினி காளிராஜ்னுதான கூப்பிட்டாங்க? ஆமா, எங்களைத்தான். பாப்பா, எந்திரி. கண்ணைத் தொறக்காத, அம்மா கையப் பிடிச்சுக்க. தூங்கிட்டியா? 

தூங்கலையா நீ?

என்ன? என்னடி கேக்குற? மெதுவாச் சொல்லு, அம்மா காதுல சொல்லு.

அக்கா... கேட்டீங்களா? ‘உள்ள இருக்கிற டாக்டருகிட்டயும் மண்ணு திங்கலன்னுதான சொல்லணும்மா? காலையில சரியாச் சொன்னேன்ல?’ங்குது. ஆமாக்கா, நான்தான். வரும்போது பஸ்ஸுல தொடையில கிள்ளிச் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்தேன்.

வேணாம் தங்கம். அப்படிச் சொல்ல வேணாம். நீ ஒண்ணும் சொல்ல வேணாம், நீ சரியாத்தான் சொன்ன, அம்மாதான் தப்பு. கண்ணை மூடிக்க. அம்மா சொல்றேன்.

என்னங்க, அந்த டீயை இந்த அக்காகிட்ட குடுங்க. குடுத்துட்டு இங்க வாங்க, என் பக்கத்துல வாங்க. கூப்பிடட்டும், இன்னொரு தடவ கூப்பிடட்டும். உள்ள போறதுக்கு முன்னாடி கேட்டுக்கங்க. அந்தப் பதினேழாம் நம்பர் மண்ணு அங்கன்வாடி மண்ணு இல்லைங்க. நம்ம வீட்டு மண்ணு. ஆமா. ரெண்டு மாசமா எனக்குத் தெரியும்.